குழாய் எங்கே முடிகிறது? வானூர்–மரக்காணம் கரையில் கூரைநீரும் நிலமும்

1. கேள்வி

2003 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. புதிதோ பழையதோ, அரசுடையதோ தனியாருடையதோ, மாநிலத்தின் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருந்தாக வேண்டும் என்றது அது. நகராட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டன. ஊராட்சிகளின் கட்டட விதிகளிலும் அதே நிபந்தனை ஏறியது. அமைக்காதவர் வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். உள்ளாட்சியே அமைத்துவிட்டுச் செலவைச் சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கலாம். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழைக்குள் வேலை முடிய வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். கெடு நெருங்க நெருங்கப் பிளம்பர்களுக்கு ஓய்வில்லை. சில மாதங்களில் ஊர் ஊராகச் சுவர்களில் பி.வி.சி. குழாய் ஏறியது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அதே கடமையைத் தொடர்கின்றன.

இந்தத் திட்டத்தைப் பற்றி இதுவரை எழுதியவர்களை இரண்டு அணியாகப் பிரிக்கலாம். ஓர் அணி சென்னையில் கிணறுகளின் நீர்மட்டம் ஏறியதைச் சுட்டி இதை முன்னோடி என்கிறது. மற்றது, பாதி வீடுகளில் குழாய் பேருக்குத்தான் நிற்கிறது என்று குறைபடுகிறது. இரண்டு அணியும் கேட்பது ஒன்றைத்தான்: குழாய் இருக்கிறதா, வேலை செய்கிறதா? குழாயின் அடி எந்த மண்ணில் முடிகிறது என்பது இரண்டிலும் பின்தங்கிவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தையும் அதை ஒட்டிய மரக்காணம் உப்பளக் கரையையும் வைத்து அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது இக்கட்டுரை.

முதலில் பொருளைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துக் காங்கிரீட் வீடு ஒன்றின் பின்சுவர். மாடியின் மூலையிலிருந்து நான்கு அங்குலக் குழாய் இறங்குகிறது. அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்பு உப்புக்காற்றில் துருவேறி, சுண்ணாம்பின்மேல் காவிக் கோடாக வழிந்திருக்கிறது. வெயில் படும் பக்கம் குழாய் வெளிறி, விரலால் தேய்த்தால் மாவாகக் கையில் ஒட்டுகிறது. மேலே வாயை மூடிய ஜாலியில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கிறது. கீழே எல்போ தரைக்கு ஓரடி மேலே நிற்கிறது. அதனடியில் ஆண்டாண்டாக மழை தோண்டிய பள்ளம். கெடுவுக்குள் பொருத்திய குழாய்கள் பலவற்றின் கதை இந்தப் பள்ளத்தில்தான் முடிகிறது.

2. சுவரைக் காக்க வந்தது

கூரைநீரைக் குழாயில் இறக்கும் பழக்கம் எதற்காக வந்தது? நீரைச் சேர்ப்பதற்காக என்று இன்று சொல்லத் தோன்றும். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. மொகஞ்சதாரோவில் சுவருக்குள் செங்குத்தாகப் பதித்த சுடுமண் குழாய்கள் மேல்தளத்து நீரைத் தெருச் சாக்கடைக்கு இறக்கின. இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி மன்னர் 1240இல் லண்டன் கோபுரக் கோட்டையின் ஈயத் தூம்புகளைத் தரைவரை நீட்டச் சொன்னார். புதிதாக வெள்ளையடித்த சுவர் மழை வழிந்து பாழாகக் கூடாது என்பதே அவர் கவலை. இரண்டிலும் நீர் ஒழிக்க வேண்டிய பொருள்.

தமிழில் இதற்கான பழைய சான்று நக்கீரரின் நெடுநல்வாடை. அரண்மனையின் நிலாமுற்றத்து மழைநீர், மகரமீன் வாய் பிளந்ததுபோல் செய்த தூம்பு நிறைந்து அருவியாக விழும் ஓசையை அந்தப் பாட்டு பதிவுசெய்கிறது. அலங்காரத் தூம்பு, உயர்ந்த மாடம், கீழே விழும் நீர் எல்லாம் அதில் இருக்கின்றன. விழுந்த நீரைச் சேர்த்தார்களா என்பதற்கு அதில் விடையில்லை. கீழடியில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தபோது, அதையும் மழைநீர் சேகரிப்பின் முன்னோடியாகக் கொண்டாடியவர்கள் உண்டு. குழாய் கிடைத்தது உறுதி. அதில் ஓடியது கூரைநீர் என்று சொல்லக் கூரையோடு அது சேர்ந்த இடமும் கிடைத்திருக்க வேண்டும். பெருமை வேறு, சான்று வேறு.

சாதாரண வீட்டுக்கோ குழாயே தேவைப்படவில்லை. வானூர்ப் பக்கத்துப் பழைய வீடு மண்சுவரும் பனையோலையோ விழலோ வேய்ந்த கூரையுமாக இருந்தது. கூரை சுவரைத் தாண்டி இறங்கி, இறவாணமாகத் தாழ்ந்து நிற்கும். மழை சுவரைத் தொடாமல் இரண்டடி தள்ளி விழும். விழும் இடத்தில் தரையில் வரிசையாகக் குழி விழுந்திருக்கும். அந்த வரிசையில்தான் அண்டாவும் குண்டானும் வைப்பார்கள். முதல் மழையில் வைக்கமாட்டார்கள். கூரையின் தூசும் பல்லி எச்சமும் போகட்டும் என்று விட்டு, மழை வலுத்த பிறகு வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும். கடலோரக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கூடுதல்; அவை பருப்பின் தோலிலும் திசுவிலும் உள்ள பெக்டினை இறுக்கிவிடுவதால் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு குழையாது. மழைநீருக்கு அந்தக் குறை இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்துக்கு இறங்கும் தகரத் தூம்பின் கீழே வெள்ளைத்துணி கட்டிய பாத்திரம் வைத்ததும் இதே அறிவுதான், வசதியான வீட்டின் அளவில்.

காங்கிரீட் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. மெத்தை வீட்டுக்கு இறவாணம் கிடையாது. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்பியதும் கூரையே ஒரு தொட்டியாகிவிடுகிறது. ஓட்டை போட்டுக் குழாய் வைக்காவிட்டால் நீர் தளத்தில் தேங்கிக் கம்பியை அரிக்கும். குழாய் அங்கே வீட்டைக் காக்கும் உறுப்பாக வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதே உறுப்பிடம் இன்னொரு வேலையையும் ஒப்படைத்தது: நிலத்தை ஊட்டு. இரண்டு வேலைக்கும் மேற்பகுதி ஒன்றுதான். அடிப்பகுதி ஒன்றாக இருக்க முடியாது.

3. கூரையின் கணக்கு

ஆயிரம் சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். இந்தக் கரையில் ஆண்டுமழை ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் என்று வைத்து, தெறிப்பும் ஆவியாதலும் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்றால், ஆண்டுக்கு 89,000 லிட்டர். பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் வந்து விழுவது. அந்த வாரங்களிலும் மழை சீராகப் பெய்வதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, வானூருக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. புதுச்சேரியிலும் ஏறக்குறைய அதே அளவு. நம் ஆயிரம் சதுர அடிக் கூரையில் அது 46,500 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி நான்கு, ஒரு மாடியில்.

குழாய் இதற்குத் தாங்குமா? தேசியக் கட்டடக் குறியீட்டில் இதற்கொரு அட்டவணை இருக்கிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைக்கு நான்கு அங்குல (100 மி.மீ.) குழாய் ஒன்று 85.4 சதுர மீட்டர் கூரையை வடிக்கும். மழை 100 மில்லிமீட்டராக உயர்ந்தால் அதே குழாய்க்கு 42.7 சதுர மீட்டர்தான் கணக்கு. மூன்றங்குலக் குழாய் என்றால் 20.4. ஆகவே கனமழைக்கு நம் வீட்டில் நான்கங்குலக் குழாய் மூன்று வேண்டும். மூன்றங்குலம் என்றால் ஐந்து. எத்தனை வீட்டில் அப்படி இருக்கிறது என்பதை வாசகரே தெருவில் நடந்து எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கொத்தனாருக்குத் தெரியும், விண்ணப்பம் பார்க்கும் அலுவலருக்குப் பெரும்பாலும் தெரியாது. செங்குத்துக் குழாயில் நீர் நிறைந்து ஓடுவதில்லை. உட்சுவரை ஒட்டி வளையமாக வழுக்கி இறங்கும், நடுவில் காற்று. எனவே எவ்வளவு நீர் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது குழாயின் உடம்பைவிட அதன் வாய். வாய் தளமட்டத்துக்குச் சற்று உயர்ந்துவிட்டாலோ, ஜாலியில் சருகு படிந்தாலோ, கீழே ஆறங்குலக் குழாய் வைத்தும் பயனில்லை.

பொருளிலும் இதே அசட்டை. மழைநீர்க் குழாய்க்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13592. அதில் ‘ஏ’ வகை காற்றுப்போக்கிக்கும் மழைநீருக்கும், ‘பி’ வகை கழிவுநீருக்கும். கடையில் விலை குறைந்த மெல்லிய குழாயைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஏற்றினால், கரையோர வெயில் அதைச் சில ஆண்டுகளில் நொறுங்கச் செய்துவிடும். கிளாம்புக்குத் துருப்பிடிக்காத எஃகோ பிளாஸ்டிக்கோ போட்டால் போதும், செலவு சொற்பம்.

4. ஒரே கரை, நான்கு தரை

இந்தச் சிறு பரப்பில் தரை எத்தனை விதமாக மாறுகிறது என்பதுதான் என் வாதத்தின் அச்சு. நிலவியலாளர்கள் இந்த ஊரின் பெயரையே ஒரு பாறைப் படிவுக்கு வைத்திருக்கிறார்கள்: வானூர் மணற்கல். டைனோசார்கள் வாழ்ந்த கிரிட்டேசியக் காலத்தில் படிந்தது. அதன்மேல் ஒட்டைக் களிமண்கல் என்னும் படிவு. அவற்றுக்கெல்லாம் மேலே, காலத்தால் மிகப் பிந்திய கடலூர் மணற்கல். திருவக்கரையின் கல்மரங்கள் கிடப்பது அதில். படிவுகள் கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால், மேற்கே தரையில் தலைகாட்டும் மணற்கல் கிழக்கே போகப் போக ஆழத்தில் புதைகிறது.

ஆரோவில் மேட்டின் செம்மண் முதல் தரை. கடலூர் மணற்கல்லின்மேல் உருவான மண். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது பெரும்பாலும் மொட்டை மேடு. மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு கடலுக்கு ஓடி, ஆழமான ஓடைப் பள்ளங்களை அறுத்திருந்தது. வரப்புக் கட்டியும் மரம் வைத்தும் நீரை நிறுத்தினார்கள். இந்த மண்ணில் குழாயைக் கசிவுக்குழியில் விடுவது பலன் தரும். விடாமல் தரையில் கொட்டினால் கேடு இருமடங்கு: நீரும் போகும், ஒரே புள்ளியில் விழும் வேகத்தில் மண்ணும் போகும்.

களிமண் பகுதிகளில் கதை வேறு. அங்கே வெட்டிய கசிவுக்குழி ஒரு மழையில் நிறைந்து, வாரக்கணக்கில் கொசு வளர்த்துக்கொண்டு நிற்கும். ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும் களியில், அடித்தளத்துக்கு அருகில் நீரைச் செலுத்துவது சுவரில் விரிசலை வரவழைப்பதாகும். அரசுக் கையேடுகள் இதற்கு விடை சொல்லாமல் இல்லை. களிமண்ணில் குழியோடு துளைக்குழாயும் இறக்கச் சொல்கின்றன. ஆனால் வடிகட்டாத மாடிநீரைக் களிமண் படலத்தைத் துளைத்து ஆழத்து நல்ல நீரில் கலப்பதில் உள்ள அபாயத்தை அந்தக் கையேடுகளின் படங்கள் காட்டுவதில்லை. களிமண் ஊரின் பழைய விடை வீட்டுக்குள் இருந்ததில்லை, ஏரியில் இருந்தது. தெருநீர் வாய்க்காலுக்கும், வாய்க்கால் ஏரிக்கும் போனது. ஒரு பகுதி வானூர் வட்டத்தில் அமைந்த ஊசுட்டேரிவரை இந்த நிலம் ஏரிகளால் ஆனது. ஆரோவில்லில் இயங்கிய வாட்டர் ஹார்வெஸ்ட் குழுவினர் கழுவெளிச் சதுப்புநிலப் படுகையின் ஏரிகளைச் சீரமைப்பதில் கவனம் செலுத்தியதில் அர்த்தம் இருந்தது. இங்கே குழாயின் நியாயமான முடிவு, அடைபடாத ஒரு தெரு வாய்க்கால்.

கடலோர மணல்மேடு மூன்றாவது. மணலுக்குள் மழைநீர் இறங்கி, அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும். பாடன் கைபனும் ஹெர்ட்ஸ்பெர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட கணக்கு இது: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே சுமார் நாற்பதடிவரை நன்னீர் இருக்கும். மாறாக, மோட்டார் போட்டு ஓரடி இறக்கினால் உப்பு நாற்பதடி ஏறி வரும். ஆகவே மணலில் கூரைநீர் முழுவதும் தரைக்குள்தான் போக வேண்டும். சிமென்ட் தளம் போட்டு மூடாத வாசலாக இருந்தால் குழிகூடத் தேவையில்லை.

நான்காவது தரை கழுவெளியின் விளிம்பும் உப்பளப் பாத்திகளை ஒட்டிய குடியிருப்புகளும். எடையந்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகும் நிலம் இது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மண்ணுக்கடியில் நிற்பது உவர்நீர். இங்கே கூரையின் 89,000 லிட்டரையும் தரைக்குள் விட்டால் உவர்நீரில் கலந்து கரைந்துபோகும். திரும்ப எடுத்துக் குடிக்க முடியாது. உப்பளத்துக்கு மழை எப்படி இருந்தாலும் நட்டம்தான், வாரி எடுக்க வேண்டிய உப்பு பாத்தியிலேயே கரைந்துவிடும். அதே மழை தொழிலாளியின் மாடியில் விழும்போது அவருக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த நீர். அதைச் சட்டத்தின் பேரால் உவர்மண்ணில் ஊற்றுவது வேடிக்கையான கொள்கை.

அங்கே குழாய் தொட்டியில் முடிய வேண்டும். நால்வர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று வைத்தால், மழை ஓய்ந்த 200 நாட்களுக்கு 8,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர்த் தொட்டி போதும். அதை நிரப்ப நம் கூரைக்குச் சுமார் 13 சென்டிமீட்டர் மழை தேவை. கார்த்திகையில் ஒரு நல்ல சுற்று. முதல் மழையை வெளியேற்ற ஒரு கிளைக்குழாய், கூழாங்கல்லும் மணலும் கரியும் இட்ட வடிகட்டி, கொசு புகாத மூடி. குடிக்குமுன் கொதிக்க வைப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் ஆழ்துளைக் கிணறுகள் பலவும் உறிஞ்சுவது ஆழத்து மணற்கல்லை. கரையோர மாடியிலிருந்து தரைக்குள் விடும் நீர், இடையிலுள்ள களிப்படலத்தைத் தாண்டி அந்த மணற்கல்லை அடையாது. அதற்கு ஊட்டம் அந்தக் கல் மேலே தலைகாட்டும் மேற்குப் பகுதியின் ஏரிகளிலிருந்தும் வயல்களிலிருந்தும்தான் வர வேண்டும். ஆக, வீட்டுக் கசிவுக்குழியைக் காட்டி ஆழ்துளை நீரை நியாயப்படுத்த முடியாது.

5. சென்னை மணலில் பிறந்த மாதிரி

இவ்வளவு வேறுபட்ட நிலத்துக்கு ஒரே வடிவம் எப்படி வந்தது? மழைநீர் சேகரிப்பைச் சென்னையில் வீடு வீடாகச் சொல்லிச் சென்றவர் சேகர் ராகவன். 1990களின் நடுவில் அவர் தொடங்கிய இடம் பெசன்ட் நகர், கடலோர மணல். உப்புநீர் உள்ளே ஏறுவதுதான் அங்கே அச்சம். தரைக்குள் நீர் விடுவதுதான் சரியான மருந்து. 2002இல் சென்னையில் தொடங்கிய மழை இல்லம் அந்த அறிவைப் பொதுமக்களுக்குக் காட்சியாக்கியது. சென்னையில் அது பலித்தது. பலித்தது சட்டமாகி மாநிலமெங்கும் போனபோது, மணலுக்குச் சொன்ன மருந்து களிக்கும் உவருக்கும் எழுதப்பட்டது. சேகர் ராகவனைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. கெடு வைத்து ஓட்டிய நிர்வாகத்தின் இயல்பு அது. எண்ணக்கூடியது குழாய். குழியின் ஆழத்தையும் மண்ணின் வகையையும் ஒரு பதிவேட்டில் ‘உண்டு / இல்லை’ என்று எழுத முடியாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு: மண்ணுக்கு மண் விதி வகுத்தால் எவரும் எதையும் கட்டமாட்டார்கள், ஒரே விதி என்பதால்தான் மாநிலமே அசைந்தது. இதில் உண்மை இருக்கிறது. அந்த வேகம் இல்லாதிருந்தால் இன்று விவாதிக்கக் குழாயே இருந்திருக்காது. ஆனால் அந்த வாதம் 2003க்குப் பொருந்தும். இருபது ஆண்டுக்குப் பிறகும், மாடியிலிருந்து கீழே பாதி வேலை முடிந்த நிலையில், அதையே சொல்லிக்கொண்டிருப்பது சோம்பல்.

வேண்டியது புதிய சட்டமும் அல்ல. வானூர், மரக்காணம் ஒன்றியங்களின் ஊராட்சிகள் வரைபட அனுமதிக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கூரைநீர்க் குழாய் கசிவுக்குழியில் முடிகிறதா, தெரு வாய்க்காலிலா, தொட்டியிலா, அந்த இடத்தின் மண் என்ன? மூன்றடிக் குழி தோண்டி ஒரு குடம் நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பார்த்தால் மண் தெரிந்துவிடும். பக்கத்துக் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்தால் உவரும் தெரிந்துவிடும். உப்பளக் குடியிருப்புகளிலும் தொகுப்பு வீடுகளிலும் தொட்டிச் செலவை வீட்டுத் திட்ட நிதியோடு அரசு ஏற்க வேண்டும். ஏற்கெனவே குழாய் உள்ளவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் மாடியில் ஏறி ஜாலியைத் துடைத்துவிட்டு, கீழே இறங்கி அந்த எல்போ எங்கே முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள்.